அடிபட்ட பிள்ளையும் கண்டுகொள்ளப்படாத பிள்ளையும்

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பக்கத்துப் பையனின் கை பட்டுப் பென்சில் கீழே விழுகிறது. அடுத்த நொடியே அவனுக்கு ஓர் அறை. கேட்டால், "வேணும்னேதான் தட்டிவிட்டான் சார்" என்கிறான் அடித்தவன். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது. அடிபட்டு வளரும் பிள்ளைகள் பிறர் செயலில் பகையை எளிதில் காண்கிறார்கள் என்பதை கென்னத் டாஜும் சக ஆய்வாளர்களும் 1990இல் எடுத்துக்காட்டினார்கள்.

2002இல் வெளியான செத் போலக்கின் ஆய்வில், மங்கலான முகப்படங்கள் சிறிது சிறிதாகத் தெளிவாக்கப்பட்டன. கோபமுகத்தை அடிபட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே கண்டுகொண்டார்கள். எப்போது அடி விழும் என்று தெரியாத வீட்டில் அந்தக் கூர்மை தேவைப்படுகிறது. வகுப்பிலோ, பாடத்தில் இருக்க வேண்டிய கவனம் ஆசிரியரின் புருவத்தில் நிற்கிறது.

கண்டுகொள்ளாமல் விடப்பட்ட குழந்தையின் கதை வேறு. யாரும் முகம் கொடுத்துப் பேசாததால் முகபாவங்களைப் பிரித்தறிவதே அதற்குச் சிரமம். பேச்சு தாமதமாகும், படிப்பு பின்தங்கும், விளையாட்டில் ஒதுங்கி நிற்கும். சண்டை போடாததால் "சாதுவான பிள்ளை" என்று பெயரும் வாங்கிவிடும். எனக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போனவர்களே நன்றாகத் தேறினார்கள். அதற்காகப் பெரிய பிள்ளைகளைக் கைவிட்டுவிடக் கூடாது. அவர்களுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வகுப்பில் என்ன செய்யலாம்? இத்தகைய பிள்ளையைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். வேலையை மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கண்டிப்பதென்றால் தனியாக, தாழ்ந்த குரலில் கண்டியுங்கள். தினமும் ஒரே பெரியவர் அதனிடம் இரண்டு வார்த்தை பேசட்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நம்பிக்கை வராது.

பிள்ளை வாய்திறந்து சொல்லிவிட்டால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. "அப்பாவா அடிச்சார்?" என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால், பின்னால் வரும் விசாரணையில் அந்த வாக்குமூலமே சந்தேகத்துக்கு உள்ளாகும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதே போதும். பிள்ளையின் சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு அன்றே எழுதி, குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் தெரிவியுங்கள். வீட்டில் ஆபத்து இருக்கும்போது நீங்களே வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்துவிடாதீர்கள். அன்று மாலை அந்தப் பிள்ளை அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.