தன்னைத் தானே கவனிக்கும் நெட்வொர்க்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் எங்காவது ஒரு சாலையைத் தோண்டாத நாள் ஏது? ஜேசிபி தரைக்கடியில் ஃபைபர் கேபிளை அறுத்தாலும், பல நேரம் உங்கள் போன் பேச்சு நிற்பதில்லை. கேபிளை வளையமாகப் போட்டிருந்தால், அறுந்ததைக் கருவியே கண்டுபிடித்து, 50 மில்லி வினாடிக்குள் மறுபக்கமாகத் திருப்பிவிடும்.

முழுக் கணினி அமைப்பும் இப்படித் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2001-ல் ஐபிஎம்-இன் பால் ஹார்ன் முன்வைத்தார். நாம் நினைக்காமலே மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கும் நரம்பு மண்டலம்தான் அவருக்கு மாதிரி. இன்று 4ஜி டவர்கள் இதில் கொஞ்சம் செய்கின்றன. பக்கத்தில் புது டவர் வந்தால், உங்கள் போன் அதன் சிக்னலைக் கேட்டுச் சொல்லும். பழைய டவர் அதைத் தன் அக்கம்பக்க டவர்களின் பட்டியலில் தானே சேர்த்துக்கொள்ளும். முன்பு இன்ஜினியர்கள் உட்கார்ந்து கையால் நிரப்பிய பட்டியல் அது. எனக்கு இதில் உண்மையிலேயே பெருமைதான்.

ஆனால் 2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? நமக்கு இரவு 9 மணி தாண்டி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஃபேஸ்புக் என்ற பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. டேட்டா சென்டரோடு பேச முடியாததால், கோளாறு தங்கள் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, இணையத்திலிருந்து தாங்களே விலகிக்கொண்டன. அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்த விதியே அதுதான். சரிசெய்யப் போனவர்களுக்கும் வழக்கமான வழிகள் அடைபட்டிருந்தன. ஆட்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

ஒரு சர்வர் தனக்கு உடம்பு சரியில்லை என்று ஒதுங்குவது நல்லது. எல்லா சர்வர்களும் ஒரே நிமிடத்தில் அப்படிச் சொன்னால், அநேகமாகக் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அப்போது எதையும் மாற்றாமல் அப்படியே நின்று, மனிதரைக் கூப்பிட வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதும்போது இந்த விதியை முதலில் எழுதுங்கள். நெட்வொர்க் படுத்தாலும் உள்ளே போக, அதைச் சாராத தனி இணைப்பு ஒன்றும் வேண்டும். அது வேலை செய்கிறதா என்று மாதாமாதம் சோதித்துப் பாருங்கள்.