மோர்ப் பந்தல் போடும் மாதம்

(பங்குனிப் பெருவிழாவுக்குச் சில நாட்கள் முன்பு மயிலாப்பூரில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

"வசந்த கால விழாக்கள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து இங்கே வரும் தூரம் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தில் வேப்பம்பூ தலையில் உதிர்ந்தது, புங்கமரத்தில் தளிர் பார்த்தேன், மாவடுக் கூடைக்காரம்மாவிடம் விலை கேட்டேன். செருப்பைத் தாண்டித் தரையின் சூடு காலில் ஏறியது. வசந்தம் என்றால் நமக்கு இதுதான். பூவும் சூடும் கைகோத்துக்கொண்டு வருகின்றன.

நம் முன்னோர்கள் இந்தப் பருவத்துக்கு வைத்த பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். இளவேனில். வேனில் என்ற சொல்லுக்குள்ளேயே வெம்மை இருக்கிறது. இளம் பிள்ளை மாதிரி இளம் வெயில், அவ்வளவுதான் அதன் பொருள். கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. பங்குனியில் பனியை எங்கே தேடுவது என்று சென்னைக்காரர்கள் கேட்பீர்கள். நம் ஊரில் இளவேனில் ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. வடக்கே குளிரில் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தவர்களுக்கு வசந்தம் ஒரு விடுதலை. நமக்கோ அது வரப்போகும் கோடைக்கு முன்னறிவிப்பு. ஆகவே நம்முடைய வசந்த விழாக்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சாமியைக் குளிர்விப்பது, சாமி பார்க்க வந்தவரைக் குளிர்விப்பது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒன்றைத்தான்.

மயிலாப்பூரில் நின்றுகொண்டு திருஞானசம்பந்தரை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஏழாம் நூற்றாண்டு. இந்த ஊர் வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு வைத்திருக்கிறார் தகப்பனார். சம்பந்தர் வருகிறார், குடத்தின் முன்னால் நின்று பாடுகிறார் என்கிறது பெரியபுராணம். இந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பாடிய பாட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் என்னோடு சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.

இறந்துபோன ஒரு பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? மந்திரம் சொல்லியிருக்கலாம், தத்துவம் சொல்லியிருக்கலாம். சம்பந்தர் இந்த ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாகப் போகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதைப் பார்க்காமலா போகிறாய், பூம்பாவாய்? "பங்குனி உத்திரநாள் ஒலிவிழாக் காணாதே போதியோ பூம்பாவாய்." வகுப்பில் இந்த வரியை நடத்திய ஒவ்வொரு ஆண்டும் என் குரல் தடுமாறியிருக்கிறது. ஒரு பெண் குழந்தையிடம், நம் தெருவில் திருவிழா வருகிறதம்மா, இருந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று கெஞ்சுகிற குரல் அது.

அந்தப் பதிகத்தின் முதல் பாட்டில் எந்தத் திருவிழாவின் பெயரும் இல்லை. அதில் வரும் சொல் "அட்டிட்டல்". அடுதல் என்றால் சமைத்தல், இடுதல் என்றால் பரிமாறுதல். அடியார்களுக்குச் சமைத்துப் பரிமாறுவதைப் பார்க்காமல் போகிறாயா என்றுதான் அவர் தொடங்குகிறார். ஓணப் பாட்டிலும் அடியவர்கள் உண்பது வருகிறது. தைப்பூசப் பாட்டில் நெய் பூசிய சோறு வருகிறது. தேரும் கொடியும் பிறகு. இந்த ஊர் விழாவுக்கு முதல் அடையாளம் பந்தி.

அது இன்றைக்கும் மாறவில்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் பூம்பாவையை எழுப்பும் ஐதிகம் நடக்கிறது. பிற்பகலில் அறுபத்துமூவர் புறப்பாடு. நாயன்மார்களின் செப்புத் திருமேனிகள் சப்பரங்களில் வரிசையாக வர, மாட வீதியில் எள் போட்டால் எள் விழாது. அதே வீதியில் அடுத்தடுத்துப் பந்தல்கள். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பானகம், நீர்மோர். கடைக்காரர் ஒரு அண்டா வைத்திருப்பார், அடுக்ககத்துக்காரர்கள் சேர்ந்து ஓர் அண்டா வைத்திருப்பார்கள், ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளைகள் காசு போட்டு இன்னோர் அண்டா. யார் நீ, எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கை நீட்டினால் போதும்.

அந்தச் சப்பரங்களில் வருகிறவர்களில் ஒருவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே, அவர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். அப்பர் அந்த வழியாக வந்து, பந்தலில் தம் பெயரைப் பார்த்துத் திகைத்து, யார் இதை வைத்தது என்று விசாரிக்கிறார். வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவரை நாயன்மாராகத் தோளில் சுமக்கிறோம். அவர் உலா வரும்போது தெருவோரம் ஒருத்தி மோர் ஊற்றிக்கொண்டிருந்தால், அவருக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு இருக்க முடியாது.

எங்கள் ஆயா அப்படி மோர் ஊற்றியவர். சித்திரைக்குளம் பக்கம் ஒட்டுக்குடித்தன வீடு. வாசலில் ஒரே ஒரு மண்பானை, அதைச் சுற்றி ஈரத் துணி, உள்ளே வெட்டிவேர். இஞ்சியும் பச்சைமிளகாயும் அம்மியில் நைத்து, பெருங்காயம் கரைத்து, மாங்காயைத் துருவிப் போடுவார். மோர் தண்ணீராக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீராகத் தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு. சாமியைத் தூக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு முதல் சொம்பு. அவர்கள் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வேலை. தார் ரோட்டில் வெறுங்காலோடு வருகிறவர்கள் அவர்கள். தண்ணீர் பட்டதும் அவர்கள் முகத்தில் வரும் மாறுதலை அந்த வயதில் கிட்டத்தில் நின்று பார்த்தேன். என்னைப் பொறுத்தவரை அதுவும் சாமி தரிசனம்.

இனிக் கொஞ்சம் வடக்கே போவோம். வெகு தூரம் வேண்டாம், சௌகார்பேட்டை வரைக்கும். பணியில் இருந்தபோது என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரின் குடும்பம் ராஜஸ்தானிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்தது. ஒரு ஹோலிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். முந்தின இரவு தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் விறகும் வறட்டியும் அடுக்கி ஹோலிகாவைக் கொளுத்தினார்கள். நம் பிரகலாதன் கதைதான். இரணியனின் தங்கை ஹோலிகா பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்கார்ந்து, தான் எரிந்துபோகிறாள். புதுக் கதிரை அந்தத் தீயில் வாட்டி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். மறுநாள் வண்ணப்பொடி. எனக்கு மறக்காதது வேறொன்று. அவருடைய மாமியார், எண்பது வயதிருக்கும், என் கன்னத்தில் குலால் தடவிய கையோடு ஒரு டம்ளர் தண்டாய் நீட்டினார். பாதாமும் சோம்பும் மிளகும் ரோஜா இதழும் அரைத்துக் கலந்த குளிர்ந்த பால். "முதல்ல குடிம்மா, வெயில்ல வந்திருக்கே" என்றார், நல்ல தமிழில். எங்கள் ஆயாவின் குரலேதான்.

இன்னொரு செய்தி. பழைய நாளில் ஹோலிக்குச் சாயம் கடையில் வாங்குவதில்லை, பலாச மரத்தின் செம்பூவை ஊற வைத்து எடுப்பார்கள். பலாசம் தமிழில் புரசு. அந்த மரம் நிறைந்திருந்த ஊர்தான் நம் புரசைவாக்கம். அங்குள்ள கங்காதரேசுவரர் கோயிலுக்குத் தலமரமும் அதுவே. வடநாட்டு ஹோலியின் நிறம் நம்ம ஊர் பஸ்ஸின் பெயர்ப் பலகையில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பங்குனி, வடக்கே சொல்லும் பால்குனம் இரண்டும் ஒரே சொல். உத்திரம் நட்சத்திரத்துக்கு வடமொழியில் உத்தர பால்குனி என்று பெயர். அங்கே பால்குனப் பௌர்ணமியில் ஹோலி, இங்கே பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி உத்திரம். 2024இல் இரண்டும் மார்ச் 25ஆம் தேதியே வந்தன. அவர்கள் மாதம் நிலாவைப் பார்த்து, நம் மாதம் சூரியனைப் பார்த்து. ஆகவே சில ஆண்டுகளில் ஒரு பௌர்ணமி தள்ளிப்போகும். 2025இல் ஹோலி மார்ச் 14, உத்திரம் ஏப்ரல் 11. தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் மாசியில் காமன் பண்டிகை உண்டு. சிவன் காமனை எரித்ததைக் கொண்டாடி, எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரவெல்லாம் லாவணி பாடுவார்கள். அங்கேயும் தீ, இங்கேயும் தீ.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். தெலுங்குக்காரர் வீடுகளில் யுகாதிப் பச்சடி. வேப்பம்பூ, வெல்லம், மாங்காய், புளி, உப்பு, காரம் என்று அறுசுவை. நமக்குச் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியிலும் அதே வேப்பம்பூ. ராம நவமிக்குப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு, கூடவே ஒரு பனையோலை விசிறி. பண்டிகைக்கு விசிறியைத் தானம் கொடுக்கச் சொன்ன மனத்தை நினைத்துப் பாருங்கள்! சீக்கியர்களின் வைசாகி நாளில், 1699இல் குரு கோவிந்த சிங் கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தோற்றுவித்த நினைவாக, தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் எல்லோரையும் தரையில் சமமாக உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். இதே மயிலையின் கிழக்கே, சாந்தோமில், குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தைக் கையில் ஏந்திப் போகிறார்கள். பங்குனி வெயிலில் பச்சை ஓலை கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!

மனிதருக்கு விசிறி என்றால் சாமிக்கு வசந்த மண்டபம். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் அதற்காகவே எழுந்தது. சுற்றிலும் நீர் நிரப்பி, நடுவில் மீனாட்சியையும் சொக்கரையும் காற்று வாங்க உட்கார வைத்தார்கள். வைகையில் இறங்கும் கள்ளழகர் மேல் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? கடவுளுக்கும் வேர்க்கும் என்று நம்பிய மக்கள் நாம்.

இதையெல்லாம்விடப் பழைய சித்திரை விழா ஒன்று உண்டு, புகார் என்ற காவிரிப்பூம்பட்டினத்தின் இந்திர விழா. இருபத்தெட்டு நாள். மணிமேகலையில் யானைமேல் முரசு ஏற்றி அதை அறிவிக்கிறார்கள். பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்கிறான் முரசறைபவன். இன்னொன்றும் சொல்கிறான்: பகைவரே எதிரில் வந்தாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள். "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்." தெருவைச் சுத்தம் செய், சண்டை போடாதே. சென்னைத் திருவிழாக் கூட்டத்துக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது.

அந்த முதல் கட்டளையில் நாம் தவறிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறுபத்துமூவர் முடிந்த மறுநாள் விடியற்காலையில் மாட வீதியில் நடந்து பாருங்கள். கசங்கிய கப்பு, தண்ணீர்ப் பாக்கெட், பாதி சாப்பிட்டுப் போட்ட பொங்கல் தொன்னை. துப்புரவுப் பணியாளர்கள் குனிந்த தலை நிமிராமல் வாரிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் நம் திருவிழாவுக்கு வந்தவர்கள்தானே? அவர்களை யார் குளிர்விப்பது? கொடுக்கும் கை பெருகிவிட்டது, நல்லது. கொடுத்ததை வீணாக்காத கையும் பெருக வேண்டும். ஆயா வீட்டு வாசலில் நான்கு பித்தளைச் சொம்புதான் இருந்தது. குடித்தவர் அண்ணாந்து குடித்தார், கழுவிக் கவிழ்த்தார், அடுத்தவர் எடுத்தார். நூறு பேருக்குச் சொம்பு போதாது என்பது உண்மைதான். எவர்சில்வர் டம்ளர் போதும். கழுவ ஆள் இருந்தால் போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எட்டாம் நாள் எங்கள் தெருமுனையில் மோர்ப் பந்தல் போடுகிறோம். இருநூறு டம்ளர் சேர்ந்திருக்கிறது. இன்னும் கொடுக்க முடிந்தவர்கள் அடியில் பெயர் வெட்டிக் கொடுங்கள், திரும்பி வரும். தயிர் கடைய, இஞ்சி நைக்க, டம்ளர் கழுவ ஆள் வேண்டும். பிள்ளைகளே, தாங்கிகளின் காலுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை உங்களுடையது. மறுநாள் விடியற்காலை இன்னொரு பானை மோர் தனியாக எடுத்து வைப்போம், வீதி பெருக்க வருகிறவர்களுக்கு. மாங்காய் மட்டும் புளிப்பானதாகப் பார்த்து வாங்கி வாருங்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறோம்.