ஒரே மாதிரிதான் சொல்கிறீர்களா? ஆந்த்ரே மார்த்தினே குறித்து ஓர் உரை

அவையோருக்கு வணக்கம்.

1941ஆம் ஆண்டு. ஜெர்மனியில், போரில் பிடிபட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளின் முகாம். அங்கே ஒரு கைதி மற்ற கைதிகளுக்கு ஒரு கேள்வித்தாளைக் கொடுக்கிறார். பிரெஞ்சில் 'பத்' என்றால் விலங்கின் கால். 'பாத்' என்றால் பிசைந்த மாவு. 'இந்த இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறீர்களா?' இப்படி வரிசையாகக் கேள்விகள். 409 பேர் பதில் எழுதினார்கள். கேட்டவர் பிரெஞ்சு மொழியியலாளர் ஆந்த்ரே மார்த்தினே. போர் முடிந்த 1945இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது.

இன்று பேச வேண்டியவர் இவர்தான். 1908இல், ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவுவாவில் பிறந்தார். அங்கே பாரிஸ் பிரெஞ்சோடு ஊர்ப்பேச்சும் வழங்கியது. அந்த வட்டாரப் பேச்சின் ஒலியமைப்பையே பின்னாளில், 1956இல், தனி நூலாக எழுதினார். 1930இல் ஆங்கில ஆசிரியருக்கான தேசியப் போட்டித் தேர்வில் தேறினார். 1937இல் முனைவர் பட்டத்துக்கு இரண்டு ஆய்வேடுகள்: ஒன்று ஜெர்மானிய மொழிகளின் இரட்டித்த மெய்களைப் பற்றி, மற்றது டேனிஷ் சொல்லின் ஒலியமைப்பைப் பற்றி. அடுத்த ஆண்டே பாரிசின் உயர் ஆய்வுப் பள்ளியில் ஒலியனியலுக்கு, அதாவது ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தும் ஒலிகளைப் பற்றிய ஆய்வுக்கு, பொறுப்பேற்றார்.

முகாமுக்கு வருவோம். வழக்கமாக இப்படியோர் ஆய்வுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். இங்கே வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள், இளையவர், மூத்தவர் என எல்லாரும் ஒரே வேலிக்குள். பதில்களைப் பிறந்த வட்டாரம் வாரியாக, வயது வாரியாகப் பிரித்தார். 'நல்ல பிரெஞ்சு' இப்படித்தான் இருக்கும் என்று இலக்கணப் புத்தகங்கள் சொன்ன பல வேறுபாடுகள், படித்த அதிகாரிகளின் வாயிலேயே சீராக இல்லை என்பது தெரிந்தது. நம் அரங்கிலேயே 'வாழை', 'வாளை' என்று கேட்டால் எத்தனை விதமான பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. எல்லாரும் ஆண்கள், எல்லாரும் அதிகாரிகள். விவசாயியின் பேச்சு அதில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒருவர் தன் உச்சரிப்பைப் பற்றி நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. கேள்வியைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் எழுத்து வேறுபாடு கண்ணை உறுத்தும். 'வேறாகத்தான் சொல்கிறேன்' என்று எழுதத் தோன்றும். இருந்தும் இந்த முறை பயன்பட்டதற்குக் காரணம், மார்த்தினே தேடியது ஒலியின் நுட்பத்தை அல்ல, பேசுபவர் எந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துகிறார் என்பதை.

இதன் அடிப்படை மாற்றீட்டுச் சோதனை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களை எடுங்கள். மற்றவற்றைத் தொடாமல் அந்த இடத்து ஒலியை மட்டும் மாற்றுங்கள். பொருள் மாறினால் அவை இரண்டு ஒலியன்கள். மாறாவிட்டால், காதுக்கு எவ்வளவு வேறாகக் கேட்டாலும் அந்த மொழிக்கு ஒன்றுதான். மாணவர்கள் தவறுவது சொல் இணையைத் தேர்வதில்: இரண்டு இடங்களில் வேறுபடும் சொற்களை எடுத்துவிட்டால், பொருள் எதனால் மாறியது என்று சொல்லவே முடியாது.

1949இல் முன்வைத்து, 1960இல் 'பொது மொழியியல் கூறுகள்' நூலில் விரித்த கருத்து 'இரட்டைப் பகுப்பு'. தலை வலிக்கிறவர் முனகலாம். முனகலைக் கூறுபோட முடியாது. பிரெஞ்சில் 'ஜெ மல் அ லா தெத்' என்று சொன்னால் அதில் ஆறு பொருளலகுகள். அவற்றை அவர் மோனீம் என்றார். ஒவ்வொன்றையும் வேறு வாக்கியத்தில் வேறு அலகுகளோடு சேர்க்கலாம். இது முதல் பகுப்பு. 'தெத்' என்ற ஒன்றை மட்டும் எடுத்தால் மூன்று ஒலியன்கள். தனித்தனியே அவற்றுக்குப் பொருள் கிடையாது. இது இரண்டாவது. முப்பதுக்குச் சற்றே கூடுதலான ஒலியன்களைக் கொண்டு ஆயிரமாயிரம் சொற்களைக் கட்ட முடிவது இதனால்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஒலி வேண்டுமென்றால் நம் வாயும் தாங்காது, காதும் தாங்காது.

ஆனால் அவருடைய ஆகப் பெரிய நூல் 1955இல் வந்த 'ஒலி மாற்றங்களின் சிக்கனம்' என்றே நான் சொல்வேன். ஒலிகள் ஏன் மாறுகின்றன? நமக்கு எளிதாகப் புரியும் எடுத்துக்காட்டு ஸ்பானிய மொழியில் இருக்கிறது. 'பத்து' என்பதில் வரும் இரட்டைத் தகரம், 'தலை'யில் வரும் வன்மையான தகரம், 'விதை'யில் வரும் மெத்தென்ற தகரம், மூன்றையும் மனதில் வையுங்கள். லத்தீனில் உயிர்களுக்கு இடையே மூன்றும் பொருளை வேறுபடுத்தின. ஸ்பானியத்தில் துளியைக் குறித்த சொல்லின் இரட்டை ஒற்றையானது. சக்கரத்தைக் குறித்த சொல்லின் வன்மை மென்மையானது. 'பார்' என்ற வினையின் மென்மையோ மறைந்தேபோனது. மூன்றும் ஒரு படி கீழே இறங்கின. இரட்டை மட்டும் இறங்கி மற்றவை நின்றிருந்தால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். ஒன்று நெருக்கினால் அடுத்தது நகர்கிறது; ஓர் இடம் காலியானால் பக்கத்தது அங்கே இழுபடுகிறது. முன்னதைத் தள்ளுசங்கிலி என்றும் பின்னதை இழுசங்கிலி என்றும் கொள்ளலாம்.

இன்னொரு கருவி, ஓர் ஒலி வேறுபாடு சுமக்கும் வேலைப்பளு. மூக்கொலி ஆகாரத்தையும் ஓகாரத்தையும் பிரித்தால்தான் பிரெஞ்சில் பெஞ்சும் நல்லதும் வேறாகும், நேரமும் உன்னுடையதும் வேறாகும். இப்படி இணைகள் ஏராளம். ஆனால் புல்லின் இழையைக் குறிக்கும் 'ப்ரென்', அதையே உதட்டைக் குவித்துச் சொன்னால் பழுப்பு நிறம். இந்த வேறுபாட்டை நம்பியிருக்கும் இணைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே இது தளரும். இதை விதியாக்கிவிடக் கூடாது. 1967இல் மொழியியலாளர் ராபர்ட் கிங் ஜெர்மானிய மொழிகளின் வரலாற்றை வைத்து இதைச் சோதித்து, ஆதரவு கிடைக்கவில்லை என்று எழுதினார். வேலைப்பளு ஒரு காரணி, அவ்வளவே.

நடுவில் அமெரிக்கக் காலம். 1946இல் நியூயார்க்கில், பல நாட்டாரும் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுத்துணைமொழியை உருவாக்கும் சங்கத்தில் ஆய்வுக்குத் தலைமை தாங்கி, 1948இல் விலகினார். அந்த வேலையை முடித்து 1951இல் இன்டர்லிங்குவா என்ற மொழியாக வெளியிட்டவர் அலெக்சாண்டர் கோடே. 1947 முதல் 1955 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நடத்தினார். அங்கே படித்த யூரியல் வைன்ரைக், மொழிகளின் தொடர்பைப் பற்றி 1953இல் எழுதிய நூலுக்கு முன்னுரை மார்த்தினேயுடையது. வைன்ரைக்கின் மாணவர் வில்லியம் லபோவ். நியூயார்க் கடைகளில் விற்பனையாளர்கள் ரகரத்தை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று துரத்திய லபோவுக்குப் பின்னால், முகாமின் கேள்வித்தாளும் கொஞ்சம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

1955இல் பாரிஸ் திரும்பிச் சொர்போன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 1999இல் மறைந்தார். மொழியியலாளர் ஆன்றியெத் வால்தேரும் அவரும் 1973இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில், 17 பேரின் உச்சரிப்பு உள்ளபடியே பதிவாகியிருக்கிறது; ஒரே சொல்லுக்கு இரண்டு, மூன்று விதங்கள் இருந்தால் அத்தனையும். இன்று பாரிஸில் பெரும்பாலோர் 'ப்ரென்' இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். தெற்கே துலூஸ் பக்கம் போனால் பழுப்புக்கு உதடு இன்னும் குவிகிறது. ஆனால் அங்கே விலங்கின் காலும் பிசைந்த மாவும் ஒன்று.