கொம்பு பெருத்தா கண்ணு சிறுக்கும்

வணக்கம் நேயர்களே. ஓந்தோஃபேகஸ் டாரஸ்னு ஒரு சாணி வண்டு, மத்தியதரைக்கடல் பக்கத்துது, சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், ஆனா லென்ஸ் வச்சு ஆண் வண்டோட தலையப் பாத்தா காளை மாட்டுக் கொம்பு மாதிரி ரெண்டு, பளபளனு பின்னாடி வளைஞ்சு போகும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல.

தாய் வண்டு சாணிக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி, சாணிய உருட்டித் திணிச்சு, ஒரு உருண்டைக்கு ஒரு முட்டைனு வைக்கும். புழுவுக்கு அந்த உருண்டைதான் கட்டுச்சோறு, தீந்தா தீந்துச்சு. நல்லா தின்னு கொழுத்த ஆணுக்குத்தான் நீட்டுக் கொம்பு, வயிறு காஞ்சதுக்கு வெறும் முனைதான்.

இதுல கொம்பு முளைக்கிற நேரத்த கவனிக்கணும். புழு சாப்பாட்ட நிறுத்தின பிறகு, கூட்டுப்புழு ஆகுறதுக்கு முன்னாடி, தோலுக்கு அடியில மடிச்சு வச்ச துணி மாதிரி வளருது, அதே நேரத்துலதான் கண்ணும், மோப்பம் பிடிக்கிற மீசையான உணர்கொம்பும், றெக்கையும் வளந்தாகணும், புதுசா ஒரு பருக்கை உள்ள போகாது, இருக்குறதுலதான் எல்லாருக்கும் பந்தி. நாம கொம்பு தனி கண்ணு தனினு எண்ணுறோம், வளர்ற உடம்புக்கு அப்படி இல்ல.

டக்ளஸ் எம்லன்ங்கிற உயிரியல் ஆராய்ச்சியாளர் 2001ல சயன்ஸ் பத்திரிகையில இந்த வண்டுக் குடும்பத்துல பல இனங்கள ஒப்பிட்டு எழுதினாரு. கொம்பு தலைக்குப் பின்பக்கம் இருந்தா கண்ணு சிறுசு, முன்பக்கம்னா உணர்கொம்பு சிறுசு, மார்புல இருந்தா றெக்கை சிறுசு. பக்கத்து வீட்டுலேருந்துதான் கடன் வாங்குது! இருட்டுல பறக்குற வண்டுக்கு கண்ணு சிறுத்தா பொழப்பே போச்சு, அதனால கொம்பு எங்க முளைக்கலாம்ங்கிறதே அது வாழுற விதத்தோட பின்னிக் கிடக்கு.

வண்டுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. 1998ல எம்லனும் ஃப்ரெட் நைஹவுட்டும் ஜூனோனியா சீனியாங்கிற பட்டாம்பூச்சியோட கம்பளிப்புழுவுல பின்றெக்கை ஆகப்போற மொட்ட எடுத்துட்டாங்க, முன்றெக்கை வழக்கத்த விட பெருசா வந்துச்சு.

அப்ப கொம்பில்லாத சின்ன ஆண் பாவமானு கேப்பீங்க. அது சுரங்க வாசல்ல காவல் நிக்குற பெரிய ஆண்கிட்ட மல்லுக்கட்டாது, பக்கவாட்டுல குறுக்குச் சுரங்கம் போட்டு பெட்டைகிட்ட போயிடும். இதே குடும்பத்துல நைக்ரிவென்ட்ரிஸ்ங்கிற இனத்துல லீ சிம்மன்ஸும் எம்லனும் 2006ல புழுவுலயே கொம்பு முளைக்கிற இடத்துல சூடு வச்சு தடுத்தாங்க. கொம்புக்குப் போகாதது வேற பக்கம் போச்சு, அந்த ஆணுக்கு விந்து சுரக்குற விரை பெருசாச்சு.