செந்தூல் வீட்டில் உறுமி பதிந்த காலம்

நேயர்களுக்கு வணக்கம். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் போனவர்களுக்கு உறுமியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தத் தோல் கருவியை வீட்டுக் கணினியில் பதிய, 1990களின் நடுவில் கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

இம்பி பிளாசாவில் வாங்கிய கணினி. உள்ளே சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டை, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, அதாவது அத்தனை மாதிரி எடுத்து, குறுந்தட்டுக்கு நிகரான கணக்கில் வீட்டிலேயே பதியலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். கீபோர்டு வைத்திருந்த நண்பர்கள், ஒலியைப் பதியாமல் கட்டளை அனுப்பிக் கருவி ஒலிகளை வாசிக்கவைக்கும் மிடியிலேயே எல்லாம் முடித்துவிடலாமே என்றார்கள். 1991இல் வகுத்த பொது மிடி பட்டியலில் 128 ஒலிகள். சித்தார் உண்டு, ஷெனாய் உண்டு. உறுமி கிடையாது, தவிலும் கிடையாது. சரி, நிஜ உறுமியைத்தான் பதிய வேண்டும்.

ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் போகும். எங்கள் ஹார்ட் டிஸ்க்கே 540 மெகாபைட்தான். அதனால் ஒரே தடமாக, மோனோவில் பதிந்தோம். மாதிரி எண்ணிக்கையைப் பாதியாக்கினால் இன்னும் இடம் மிச்சமாகும். ஆனால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் போய், ஜால்ராவின் கணீர் செத்துவிடும். அதற்கு யாரும் ஒப்பவில்லை.

உண்மையான சிக்கல் உறுமியில்தான் இருந்தது. அதற்கு இரண்டு முகம். ஒன்றில் அடி; மற்றதில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. திரையில் பார்த்தால் அடி முள்ளாக எழுந்து உடனே விழும். தேய்ப்பு தாழ்வாக, நீளமாக ஓடும். கேசட்டில் ஒலி அளவு கொஞ்சம் மீறினாலும் நாடா அதை மழுக்கி வாங்கிக்கொள்ளும். கணினியோ எல்லையைத் தாண்டிய அலையின் தலையை அப்படியே வெட்டிவிடும். ஒலிபெருக்கியில் படபடவென்று வெடிக்கும். அடிக்காக அளவைக் குறைத்தால் தேய்ப்பு அமுங்கிப்போகும். தேய்ப்பு இல்லாவிட்டால் அப்புறம் அது என்ன உறுமி?

வழி கண்டவர் எங்கள் உறுமி அண்ணன். மைக் இருந்த இடத்திலேயே இருக்க, அவர் திரும்பி உட்கார்ந்தார். தேய்க்கும் முகம் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி. அடிக்கும் முகம், கொடியில் தொங்கிய கைலிகளைப் பார்த்தபடி. "இப்ப பாரு தம்பி" என்றார். திரையில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. கணினியைத் தொட்டே பார்க்காத மனிதர் அவர். தன் கருவியின் சத்தம் எந்தப் பக்கம் போகும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

ஆளாளுக்குத் தனியாகப் பதிந்து சேர்க்கலாம் என்றால், பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அதே தரத்தில் மேலும் பதிய அந்த அட்டையால் முடியாது. எல்லோரும் ஒரே அறையில்தான் வாசித்தோம். தவில் சமையலறை வாசலில், ஜால்ரா அதற்கும் பின்னால். கணினிக்குள் சுழலும் மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் விழாதிருக்க அதைப் பக்கத்து அறையில் வைத்து வயரை இழுத்தோம். ஒரே அறையில் சேர்ந்து வாசித்தது வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் அதனால்தான் மேளம் உயிரோடு பதிந்தது என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன். உறுமி மேளத்தின் வேகம் ஒரே சீராக நிற்காது. ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் கூட்டுவார், சாமி வரும் நேரத்தில் மொத்தக் குழுவும் சேர்ந்து ஏறும்.

இன்று நம் பிள்ளைகள் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பதிகிறார்கள். துல்லியமாகத்தான் இருக்கிறது, அந்த ஏற்றம்தான் இல்லை. தம்பிகளே, ஒரு மடிக்கணினியில் எட்டு மைக்கை ஒரே நேரத்தில் பதியும் வசதி உங்களிடம் இருக்கிறது. ஆளுக்கொரு மைக் வையுங்கள், எல்லோரும் ஒரே அறையில் உட்காருங்கள், கிளிக்கை அணைத்துவிட்டு வாசியுங்கள். நன்றி, வணக்கம்.