ஐம்பத்தைந்தில் கைநிறையக் காசு, அதற்குப் பிறகு?

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். இந்த மழைக்குள்ளும் வந்திருக்கிறீர்கள், நீட்டி முழக்க மாட்டேன்.

வரும் வழியில் இங்கே ஒரு தொடர்மாடிக்குப் போய்வந்தேன். லிஃப்ட் பழுது. நாலாம் மாடியில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, வயது 78. காஸ் சிலிண்டர் மேலே வருமென்று காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தா. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். மாதாமாதம் காசு வருகிறது, சிலிண்டரைத் தூக்கத்தான் ஆளில்லை. சனத்தொகை என்று நான் பேச வந்தது இதைத்தான்.

2022 நவம்பரில் உலகம் 800 கோடியைத் தொட்டது. ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி, 2080களின் நடுவில் ஏறக்குறைய 1030 கோடியாகி, பிறகு மெல்ல இறங்கும். நைஜரில் பாதிக்குமேல் சிறுவர்கள். ஜப்பானிலோ பத்துக்கு மூன்று பேரளவில் 65ஐத் தாண்டியவர்கள்.

அரசாங்கங்கள் என்ன செய்தன? சிங்கப்பூர் 1970களில் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்றது. 1987இல் வசதியிருந்தால் மூன்று பெறச் சொன்னது. சீனா 1980இல் ஒன்று என்றது, 2016இல் இரண்டு, 2021இல் மூன்று. அடுத்த வருஷமே அங்கே சனத்தொகை குறையத் தொடங்கிவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

நம் இலங்கையில் அப்படி வற்புறுத்தத் தேவையே வரவில்லை. பெண்பிள்ளைகள் படித்தார்கள், மிட்வைஃப் வீடுதேடி வந்தார், பிறந்த குழந்தைகள் தப்பின. 1950களில் தாய்க்கு ஐந்துக்கு மேல், இன்று இரண்டையொட்டி. இது வெற்றிதான், அழ வேண்டியதில்லை. ஆனால் சட்டங்கள் பழைய காலத்திலேயே நிற்கின்றன.

ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். 1958இல் வந்த சட்டம். மாதாமாதம் சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். மகளின் கலியாணம், கூரைத்தகடு, மகனின் விசா என்று அது எங்கே போகுமென்று உங்களுக்கே தெரியும். அதன்பிறகு இன்னும் இருபத்தைந்து வருஷம் சாப்பிட வேண்டும். அரச ஊழியருக்கு ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள், 2022 முடிவில் 60க்குக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம், ஐந்து வருஷச் சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகவும் விட்டார்கள். எந்தப் பக்கம் தேரை இழுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சேமலாப நிதியில் ஒரு பங்கையாவது மாதச் சம்பளம் போல எடுக்க வழி வேண்டும். முதியோரை வீட்டில் பராமரிப்பதைப் பயிற்சியும் சம்பளமும் உள்ள தொழிலாக்க வேண்டும். நம்மவர்கள் இஸ்ரேலுக்குப் போய்ச் செய்கிற அதே வேலைதானே?

கேள்விகளைக் கேட்கலாம். முன்வரிசை ஐயா சேமலாப நிதி என்றதுமே கையை உயர்த்திவிட்டார்.