விஸ்கான்சினில் மானுக்கு டேக் கட்டும் வழக்கம் போனதால் எதை இழந்தோம்?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்கள் துப்பாக்கி மான் வேட்டை நடைபெறும். இங்கு குடியேறிய புதிதில் அதன் சட்டங்கள் எனக்குப் புரியவே இல்லை. படித்துத் தெரிந்துகொண்டபின், சில ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்ட இரண்டு விதிகளைப் பற்றி உங்களிடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலாவது, முதுகுச் சீட்டு. உரிம எண் பெரிதாக அச்சிடப்பட்ட அந்தச் சீட்டை வேட்டைக்காரர் தம் மேலாடையின் முதுகுப் பக்கத்தில் குத்திக்கொள்ள வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்து, 2016ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அது பழைய காலத்துத் தொந்தரவு என்று சொன்னவர்கள் பலர். ஆனால் 2004 நவம்பர் 21 அன்று சாயர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), தனியார் நிலத்தில் அத்துமீறி நுழைந்தது பற்றி எழுந்த வாக்குவாதம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து ஆறு பேர் உயிரிழந்தபோது, சுட்டவரின் முதுகில் இருந்த எண்ணைத்தான் அங்கிருந்தவர்கள் தங்கள் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் சிறு வண்டி) மீது படிந்திருந்த தூசியில் எழுதிவைத்தார்கள். அன்றே அவர் கைதானார். பெயர் தெரியாத ஒருவரை அடர்ந்த காட்டில் அடையாளம் காட்டியது அந்த எண்தான்.

இரண்டாவது விதியின் நீக்கம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மான் விழுந்தவுடன், அதை இடம் மாற்றுவதற்கு முன்பே, உரிமத்துடன் வந்த டேக்கை, அதாவது மானின் உடலில் கட்டும் அடையாளச் சீட்டை, பயன்படுத்திவிட்டதாகக் குறித்துச் செல்லுபடியாக்கிவிட வேண்டும் என்பது முன்பிருந்த சட்டம். 2017ஆம் ஆண்டின் மாநில வரவுசெலவுச் சட்டம் இதை நீக்கியது. இப்போது, மானைக் கைப்பற்றிய மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்தால் போதும்.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கொம்புள்ள ஆண் மான் ஒன்றுக்கு மட்டும் அனுமதி பெற்ற ஒருவர், சனிக்கிழமை காலையில் ஒன்றைச் சுட்டு வண்டியில் ஏற்றிச் செல்லும்போது வார்டன் (வேட்டைச் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி) நிறுத்தினால், "இன்னும் நேரம் இருக்கிறது, பதிவு செய்வேன்" என்று சொல்லலாம். அது சட்டப்படி சரியான பதிலும்கூட. வீட்டில் இறைச்சியை வெட்டி வைத்துவிட்டு, பதிவே செய்யாமல் மாலையில் இன்னொரு மானைத் தேடிப் போனால், முதல் மான் இருந்ததற்கு எந்தத் தடயமும் கிடையாது. முன்பு அதே வண்டியில் டேக் செல்லுபடியாக்கப்படாத மான் கிடந்தாலே அது குற்றம். வார்டன் அந்த இடத்திலேயே நடவடிக்கை எடுக்க முடிந்தது. இப்போது பொய்யை நிரூபிக்கும் சுமை அவர் தோளில் ஏறியிருக்கிறது.

பெரும்பாலான வேட்டைக்காரர்கள் நேர்மையானவர்கள் என்பதை மறுக்கவில்லை. இங்குள்ள என் அண்டை வீட்டாரையே பார்த்துச் சொல்கிறேன். தொலைபேசிப் பதிவு அவர்களுக்கு உண்மையிலேயே வசதி. பனியில் பதிவு நிலையத்தைத் தேடி வண்டியோட்ட வேண்டியதில்லை. அந்த வசதி போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எத்தனை மான்கள் எந்தக் கவுண்டியில் விழுந்தன என்ற கணக்கை வைத்துத்தான் அடுத்த ஆண்டு கொம்பில்லா மான்களுக்கு எத்தனை அனுமதிகள் தருவது என்று முடிவு செய்கிறார்கள். 2002 முதல் இந்த மாநிலத்து மான்களிடையே பரவிவரும் உடல் நலிவு நோயை (Chronic Wasting Disease) பின்தொடரவும் அந்தக் கணக்கு வேண்டும்.

ஓரிகன் மாநிலம் 2019ஆம் ஆண்டில் மின்னணு டேக்கைக் கொண்டுவந்தபோது இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. விலங்கு விழுந்தவுடன் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும் செயலியில் டேக்கைச் செல்லுபடியாக்கி, அது தரும் உறுதி எண்ணையும் தம் பெயரையும் தேதியையும் ஒரு நாடாத் துண்டில் எழுதி உடலில் கட்டிவிட வேண்டும். விஸ்கான்சின் வேட்டைக்காரரின் சட்டைப் பையிலும் அதே கைப்பேசிதான் இருக்கிறது. நாடாத் துண்டு ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வது யாருக்கும் பாரமாகாது.